அமுக்குப் பேயும் அதன் வரலாறும்

நள்ளிரவிலோ வைகறையிலோ ஒருவன் கண் விழிக்கின்றான். தான் படுத்திருக்கும் அறை தெரிகின்றது. கூரைத் தகரம் தெரிகின்றது. பக்கத்தில் உறங்குவாரின் மூச்சொலியும் கேட்கின்றது. ஆயின் கையை அசைக்க இயலவில்லை, நா எழவில்லை. நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்தாற்போலப் பாரம் அழுத்துகின்றது. வாயிற்படியருகே ஓர் உருவம் நிற்பதாகவும் தோன்றுகின்றது. கூவ முயல்கின்றான், குரல் வரவில்லை. சில நொடிகளில், மிஞ்சினாற் சில நிமிடங்களில், கட்டு அவிழ்கின்றது. வியர்த்து எழுந்து உட்காருகின்றான். இதனையே நம் மக்கள் அமுக்குவான் என்றும் அமுக்குப் பேய் என்றும் வழங்குவர். மருத்துவ நூலார் இதற்கு உறக்க முடக்கம் என்று பெயரிட்டுள்ளனர்.

இஃது அரிதாக நிகழ்வதன்று. 35 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஷார்ப்லெஸ், பார்பர் என்னும் இருவர் 2011இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பொதுமக்களுள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனை உணர்ந்துள்ளனர். மாணவரிடையே அத்தொகை நூற்றுக்கு 28 ஆகும். எனவே இம்மலரைக் கையிலேந்தும் மாணவருள்ளும் பலர் இதனை அறிந்திருப்பர். வெளியிற் சொல்ல நாணியிருப்பர்.

பல மொழியினரும் இதற்கு இட்ட பெயர்களை ஒப்புநோக்கின் ஒரு வியப்புப் புலனாகும். இலத்தீன் மொழியில் இன்குபுஸ் என்பது மேலே கிடப்பவன் எனப் பொருள்படும். பிரெஞ்சு மொழியிற் கோஷ்மார் என்னும் சொல்லின் முற்பகுதி மிதித்தல், அழுத்தல் என்னும் பொருளது. சீனர் பேய் அழுத்தல் என்றே கூறுவர். யப்பானியர் கனஷிபரி, அதாவது இரும்பாற் கட்டுண்டமை, என்பர். ஆங்கிலத்து நைட்மேர் என்னும் சொல்லிலுள்ள மேர் பெண் குதிரையன்று. உறங்குவார்மேல் ஏறி அமுக்கும் தீய ஆவிக்குப் பழைய வடவைரோப்பியர் இட்ட பெயரே அது. 1781இல் ஓவியர் பியூசிலி தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், மல்லாந்து கிடக்கும் மங்கையின் மார்பில் ஒரு குறளிப் பேய் குந்தியிருக்க, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரையும் தலை நீட்டுகின்றது. ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள் அழுத்துதலையும் கட்டுதலையுமே பெயராக்கிய காரணம் என்னை? உணர்ச்சி ஒன்றாயிருந்தமையே. வேறுபட்டவை, அழுத்தும் உருவுக்கு ஒவ்வொரு நாட்டாரும் உடுத்திய ஆடைகளே.

இது பேயின் செயலன்று என்று கூறியவர் பண்டு தொட்டே இருந்துள்ளனர். கி.மு. முதலாம் நூற்றாண்டினரான தெமிசோன் என்னும் வைத்தியர் இதனை மூச்சைத் திணறடிப்பது என்னும் பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லாற் குறித்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான சொரானுஸ் இவ்வாறு அமுக்குவது தெய்வமுமன்று, அரைத் தெய்வமுமன்று எனக் காரணங்காட்டி மறுத்தார். 983இல் மறைந்த பாரசீக வைத்தியர் அகவைனி, காபூஸ் என்னும் பெயரால் இதனை விரித்துரைத்து, வயிற்றிலிருந்து மூளைக்கு ஏறும் ஆவியே காரணம் என்றார். காரணம் பிழையே, எனினும் அவர் தேடியது உடலினுள் என்பது கருதற்பாலது. 1584இல் இங்கிலாந்தின் ரெஜினால்ட் ஸ்கொட், சூனியக்காரரைத் தண்டிக்கும் மடமையைக் கண்டித்து எழுதிய நூலில், இதனை உடல்நோய் என்றே துணிந்துரைத்தார். ஒல்லாந்து வைத்தியர் வான் டீமர்புரூக் 1664இல் வெளியிட்ட குறிப்பு இன்னும் தெளிவானது. ஐம்பது வயதுடைய ஒரு பெண், இரவிற் சில வேளை பிசாசும், சில வேளை பெரிய நாயும், சில வேளை கள்வனும் தன் மார்பின்மேற் கிடப்பதாக முறையிட்டாள். உறுப்பசைக்க இயலாமை, மூச்சுத் திணறல், பேச்சின்மை யாவும் அதில் உள. அவர் பேயோட்டியை நாடவில்லை. நோய்க்குப் பெயரிட்டு மருந்து கூறினார்.

இவ்வளவும் நூல்களில் ஏறிய பின்னரும் நிகழ்ந்ததைக் கேண்மின். அமெரிக்காவின் மசசூசெற்சு மாநிலத்திலே சேலம் என்றோர் ஊர் உண்டு. (நம் முன்னோருட் பலர் புறப்பட்டு வந்த தமிழகத்துச் சேலம் அன்று.) அங்கே 1692இல் நிகழ்ந்த சூனிய வழக்குகளில் முதலிற் தூக்கிலிடப்பட்டவள் பிரிஜற் பிஷப் என்பாள். அவளுக்கெதிராகச் சான்று பகர்ந்த ஜோன் லவுடர், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு பெரும்பாரம் அழுத்த விழித்தபோது அவள் தன் வயிற்றின்மேல் அமர்ந்திருக்கக் கண்டதாக மொழிந்தான். ரிச்சட் கோமன் என்பானும் அவள் தன் மார்பின்மேற் கிடந்து பேசவும் அசையவும் ஒட்டாமற் செய்தாள் என்றான். அவ்விருவரும் பொய்யுரைத்தனர் என்று கருத எனக்கு இடமில்லை. தாம் கண்டதையே கூறினர். கண்டது கனவின் எச்சம் என்பதை மட்டும் அறிந்திலர். சூன் 10ஆம் நாள் அவள் உயிர் போயிற்று. அவ்வாண்டு தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். ஸ்கொட்டின் நூல் அப்போது நூறாண்டைக் கடந்திருந்தது.

தொலைதேசத்துக் கதையென்று இதனைக் கடந்துவிட என்னால் இயலவில்லை. ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்து லயத்திலே வளர்ந்தவன் யான். 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராவில் அறுவர் உறங்குவோம். அடுப்புப் புகை இரவிலும் நிறைந்திருக்கும். 1990களின் தொடக்கத்தில், எனக்கு 14 வயதளவில், முதன்முறை என்னை அமுக்கிற்று. கறுப்புக் கம்பளியால் தலையை மூடிய ஓர் உருவம் இஸ்தோப்புப் பக்கமாய் வந்து நெஞ்சிற் கை வைத்தது. காலையில் அம்மா, “யாரு மாதிரிப்பா இருந்துச்சு?” என்று கேட்டார். தொங்கல் காம்பரா அத்தையைப் போல என்றேன். பிள்ளையற்ற கைம்பெண் அவர். மழைக் குளிரிற் கம்பளி போர்த்தாதார் எங்கள் லயத்தில் ஒருவருமில்லை என்பது அவ்வேளை எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் சொல் பீலிக்கரையை எட்டிற்று. அவர் குடத்தோடு வந்தால் மற்றையோர் விலகி நின்றனர்; அவர் வீட்டு வாயிலைக் கடக்கும் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசப்பட்டது. ஓராண்டு கழியுமுன் உறவினரைத் தேடி வேறொரு தோட்டத்திற்கு அவர் பெயர்ந்தார். பல ஆண்டுகளின் பின் வெளிவாரிப் பட்டத்திற்குப் படிக்கையில் லவுடரின் சாட்சியம் என் கண்ணிற் பட்டது. நான் சொன்னதும் அவன் சொன்னதும் வேறல்ல. எங்கள் லயத்தில் நீதிமன்றமும் தூக்குமரமும் இல்லாமையே வேறுபாடு.

நம் பழைய புலவர் இத்தகைய பிழையை அறியாதாரல்லர். தலைவியின் மெலிவுக்குக் காரணம் காதல் என்றிருக்க, தாய் வேலனை அழைத்துக் கழங்கு பார்த்து, முருகன் அணங்கினான் என வெறியாட்டு எடுப்பதைச் சங்க அகப்பாடல்கள் பலவும் தோழியின் நகைப்போடு காட்டுகின்றன. ஆயினும் அங்கே பழி தெய்வத்தின் மேலதாயிற்றேயன்றி அண்டை வீட்டார் மேலதாகவில்லை.

சிங்கள மக்களிடையே, பெண்களைக் கனவில் நாடிவந்து வருத்துபவனாகக் கலுகுமாரயாவும், இரவில் தனிவழி செல்வாரை அறைபவனாகப் பேருருவுடைய மகாசோனாவும் கூறப்படுகின்றனர். தண்டிரிஸ் த சில்வா குணரத்தினா இலங்கைப் பேய்வழிபாடு பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 1865-66இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளிவந்தது. இத்துறையிற் புகுவார் அதனை விலக்கல் ஆகாது. நம்மவரோ தமிழகத்திலிருந்து வருகையில் மாடசாமியையும் முனியாண்டியையும் உடன் கொணர்ந்தனர். வந்த இடத்திற் புதுத் தெய்வங்களையும் கண்டனர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்திற்கு ரோதைமுனி, கவ்வாத்துத் தொழிலுக்குக் கவ்வாத்துச்சாமி எனக் காவலர் அமைந்தனர். அச்சம் எங்கிருந்ததோ அங்கே காவலும் வைக்கப்பட்டது.

காவலிழந்தோர் நிலை யாதாயிற்று என்பதற்கு லாவோசு நாட்டு மொங் மக்கள் சான்று. போரினால் ஏதிலிகளாகி அமெரிக்கா சென்ற இவர்களுள், நோயற்ற ஆடவர் சிலர் 1970களின் பிற்பகுதி தொட்டு உறக்கத்திலேயே இறந்தனர். நெஞ்சில் அமுக்கும் ஆவியே கொன்றது என்று அவர்தம் உறவினர் அஞ்சினர். மூதாதையர்க்குச் செய்யவேண்டிய சடங்குகள் அங்கே தடைப்பட்டமையால் எழுந்த அச்சம், பிறவியில் வந்த இதயக் கோளாற்றோடு கூடியிருக்கலாம் என ஆய்வாளர் ஷெல்லி அட்லர் வாதிடுகின்றார். அவ்விதயக் கோளாறு 1992இல் புருகாடா சகோதரரால் விளக்கப்பட்டது. உறக்க முடக்கம் தானாக ஒருவரையும் கொல்வதில்லை என்பதை ஈண்டு அழுத்திக் கூறல் வேண்டும்.

புது மருத்துவத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1876இல் அமெரிக்க நரம்பியல் வைத்தியர் வியர் மிச்சல் இதனைத் தெளிவுற வருணித்தார். இப்போது வழங்கும் ஆங்கிலப் பெயரை 1928இல் கின்னியர் வில்சன் இட்டார். 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும், உறக்கத்தினிடையே விழிகள் விரைந்தசையும் பருவம் ஒன்றுண்டு எனக் கண்டனர். தெளிவான கனவுகள் மிகுதியும் அப்போதே தோன்றும். 1959இல் பிரான்சின் லியோன் நகரத்து மிஷேல் ஷூவே, பூனைகளை ஆராய்ந்து, அப்பருவத்தில் உடற்றசைகள் தளர்ந்து செயலொழிகின்றன எனக் காட்டினார். கனவில் ஓடுபவன் பாயை விட்டு எழுந்து ஓடாமைக்கு மூளைத்தண்டு இடும் இக்கட்டே காரணம். விழித்தசைகளும் மூச்சை நடத்தும் உதரவிதானமும் மட்டும் இக்கட்டிற்கு அடங்கா. சிலபோது கட்டு அவிழுமுன் அறிவு விழித்துக்கொள்கின்றது. கண் திறந்திருக்க, கனவின் உருவங்கள் அறையினுள்ளே நடமாடுகின்றன. ஆழ்ந்து மூச்சிழுக்க முயல்வான். மார்புத் தசைகள் தளர்ந்திருத்தலின் இயலாது. அவ்வியலாமையே நெஞ்சிற் பாரமாகத் தோன்றுகின்றது.

போதிய உறக்கமின்மை, நேரம் மாறி உறங்கல், மனக்கவலை, மல்லாந்து படுத்தல் ஆகியன இதனை மிகுவிக்கும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்வாரும் பரீட்சைக்குக் கண்விழிப்பாரும் இதற்கு எளிதில் இலக்காவர். பட்டப் பரீட்சைக்குப் படித்த ஆண்டுகளில் என்னையும் அது பன்முறை அமுக்கிற்று. ஆனால் அப்போது அதன் இயல்பை அறிந்திருந்தேன். முழு உடலோடும் போராடாமல், கால் விரல் ஒன்றை மட்டும் அசைக்க முயன்று, வருகின்ற மூச்சை வந்தபடி விட்டிருந்தால் விரைவிற் கலையும். ஒருக்களித்துப் படுத்தலும் உதவும். பகலில் அடக்கவொண்ணா உறக்கமும், சிரிக்கும்போது திடீரென உடல் துவளுதலும் உடன் இருப்பின் வைத்தியரை நாடுதல் இன்றியமையாதது. அது வேறு நோயின் குறியாகலாம்.

எங்கள் வீட்டில் தலையணையின் கீழ் கவ்வாத்துக் கத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. படுக்குமுன் கந்த சட்டி கவசம் ஓதுவாரும் பலர். இவற்றை எள்ளி நகையாட நான் விரும்பேன். அச்சம் தணிந்து உறங்குவார்க்கு உறக்கம் நன்கு அமைகின்றது. கத்தியாலும் கவசத்தாலும் எவர்க்கும் தீங்கில்லை.

சென்ற ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவியொருத்தி, பின்னிரவு இரண்டு மணிவரை விழித்திருந்தமையால் மூன்று நாள் தொடர்ந்து அமுக்கிற்று என அழுதுகொண்டு வந்தாள். “வாசல்ல ஆள் நின்னுச்சு சேர்” என்றாள். அவ்வாள் யாரைப்போல் இருந்தார் என நான் கேட்கவில்லை. பிறர் கேட்பினும் கூறவேண்டாம் என்றேன். உடலின் இயல்பை விளக்கி, பத்து மணிக்குப் படுக்கச் சொன்னேன். தாயார் கோடாங்கியிடமும் ஒரு முறை அழைத்துச் சென்றார், நூலொன்று கட்டப்பட்டது. அங்கே ஒருவர் பெயரும் சொல்லப்படவில்லை என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தேன்.