சிறப்பு வகுப்பின் ஒருவழிப் பாதை

1904ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. எல்லாக் குழந்தைகளும் படித்தாக வேண்டும் என்று சட்டம் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பாடம் ஏறவில்லை. அவர்களை எப்படி அடையாளம் காண்பது, எங்கே வைத்துக் கற்பிப்பது என்று குழு யோசித்தது. உறுப்பினர்களில் ஒருவரான உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நுண்ணறிவுச் சோதனைகளுக்கு அதுவே மூலம். 1909 ஏப்ரலில் தனி வகுப்புகளுக்கான சட்டமும் நிறைவேறியது. பிள்ளைகளைப் பிரித்தெடுக்கவே சோதனை பிறந்தது என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. ஆனால் பினே அந்த மதிப்பெண்ணை மாறாத ஒன்றாகக் கருதவில்லை. தக்க பயிற்சியால் அது உயரும் என்றே எழுதினார். சோதனையைக் கடன் வாங்கிய நாடுகள் பல இந்த நம்பிக்கையைக் கடன் வாங்கவில்லை.

சிறப்புத் தேவையுள்ள மாணவருக்குத் தனி வகுப்பு நல்லதா, பொது வகுப்பு நல்லதா என்ற வாதம் அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வைத்தே இரு தரப்பும் பேசுகின்றன. வகுப்பின் வாசலில் நடப்பதுதான் அதைவிட முக்கியம் என்பது இக்கட்டுரையின் வாதம். பிள்ளையை உள்ளே அனுப்புவது யார், எதைக் காட்டி அனுப்புகிறார்கள், திரும்பி வர வழி உண்டா, வரும்போது கிடைத்துவந்த உதவி கூடவே வருமா என்பவை வாசலில் எழும் கேள்விகள்.

உள்ளே நடப்பதைப் பற்றிய ஆய்வுகள் தெளிவான தீர்ப்பு எதையும் தரவில்லை. 1980இல் கார்ல்பெர்க், கவாலே இருவரும் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நுண்ணறிவு மதிப்பெண் குறைவு என்ற காரணத்தால் தனி வகுப்புக்குப் போன பிள்ளைகள் பொது வகுப்பில் இருந்த தம்மையொத்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தனர். கற்றல் குறைபாடு, நடத்தைச் சிக்கல் உள்ளவர்களோ தனி வகுப்பில் சற்று முன்னேறியிருந்தனர். 2022இல் கேம்பெல் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, உள்ளடக்கிய கல்வி சராசரியாக லாபமும் தரவில்லை நட்டமும் தரவில்லை என்றது. இதைக் கேட்டதும், அப்படியானால் எந்த வகுப்பாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சராசரி சுழியமாக நிற்பது சிலர் ஏறிச் சிலர் இறங்குவதாலும் நேரலாம். மேலும், தனி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்கள். குலுக்கல் போட்டு அவர்களைப் பிரிக்க ஆய்வாளர்களால் பெரும்பாலும் முடிவதில்லை. பொதுவான விடைக்காகக் காத்திருப்பதைவிட, பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முறையை ஆராய்வது பயன் தரும்.

அதற்குச் செக் குடியரசின் ஆஸ்த்ரவா நகரத்தைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது. சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் பேர்போன அந்த நகரத்தில், 1990களின் பிற்பகுதியில், ரோமா இனக் குழந்தைகள் 18 பேர் 'சிறப்புப் பள்ளி'களில் சேர்க்கப்பட்டனர். அவை அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கான பள்ளிகள். பாடத்திட்டமும் பொதுப்பள்ளியைவிடத் தாழ்ந்தது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. மனுதாரர் தரப்பு வைத்த கணக்கு இது: நகரின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 33,372 பேரில் ரோமா பிள்ளைகள் 2.26 விழுக்காடு. சிறப்புப் பள்ளிகளில் இருந்த 1,360 பேரிலோ அவர்கள் 762 பேர், அதாவது 56 விழுக்காடு. ரோமா பிள்ளை ஒன்று சிறப்புப் பள்ளிக்குப் போகும் வாய்ப்பு மற்றப் பிள்ளையைவிட 27 மடங்கு அதிகம்.

அரசு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது: உளவியல் சோதனை வைத்தோம், பெற்றோர் கையெழுத்தும் போட்டார்கள். அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சில குழந்தைகளின் விஷயத்தில், ஏற்கெனவே நிரப்பி வைத்த படிவத்தில்தான் பெற்றோர் கையொப்பமிட்டிருந்தனர். வேறென்ன வழிகள் உண்டு, இரு பாடத்திட்டங்களுக்கும் என்ன வேறுபாடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 2006இல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு மனுவைத் தள்ளியது. 2007 நவம்பர் 13 அன்று பெரிய அமர்வு 13க்கு 4 என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றி, இது பாகுபாடே என்றது. பாகுபாட்டுக்கு உள்ளாகாதிருக்கும் உரிமையைப் பெற்றோர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றும் சொன்னது. இதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, கலிஃபோர்னியாவில் லாரி பி. வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளைத் தனி வகுப்புக்கு அனுப்ப நுண்ணறிவுச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்திருந்தார். கண்டம் வேறு, இனம் வேறு. பிள்ளைகளைப் பிரித்த கருவி ஒன்றே.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2005இல் புதிய பள்ளிச் சட்டம் கொண்டுவந்து 'சிறப்புப் பள்ளி' என்ற பெயரைச் செக் அரசு எடுத்துவிட்டது. அவை 'செய்முறைப் பள்ளி' ஆயின. பலகையை மாற்றினால் பள்ளி மாறிவிடும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதல்ல. உதவி பெறும் உரிமையைப் பொதுப்பள்ளிக்குள்ளேயே ஐந்து நிலைகளில் உறுதி செய்யும் திருத்தம் நடைமுறைக்கு வர 2016 செப்டம்பர் வரை ஆனது.

இத்தாலி வேறு வழியில் போனது. 1975இல் செனட்டர் ஃபல்கூச்சி தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. 1977 ஆகஸ்டில் 517ஆம் எண் சட்டம் வந்தது. பொதுப்பள்ளியில் இருந்த தனி வகுப்புகளை அது ஒழித்தது. இத்தாலியச் சட்டத்தின் நுட்பம் இரண்டு இடங்களில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது என்று அன்றே வரையறுத்தார்கள். 1992இன் 104ஆம் எண் சட்டம், உதவி ஆசிரியரை அந்த ஒரு பிள்ளையின் காவலராக்காமல், வகுப்பாசிரியருக்கு இணையான பொறுப்பாளராக்கியது. மதிப்பெண் இடும் கூட்டத்தில் எல்லா மாணவர் குறித்தும் அவர் கருத்துச் சொல்லலாம். உதவியை அறையிலிருந்து பிரித்து வகுப்போடு இணைத்த ஏற்பாடு இது.

ஆனால் ஏட்டில் இருப்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. உதவி ஆசிரியர்களில் கணிசமானோர் அதற்கெனச் சிறப்புப் பயிற்சி பெறாதவர்கள் என்பதை இத்தாலியப் புள்ளிவிவரத் துறையே ஒப்புக்கொள்கிறது. பல பள்ளிகளில் 'உதவி அறை' என்று ஓர் அறை முளைத்திருக்கிறது. வகுப்பில் சத்தம் கூடினாலோ கணக்குப் பாடம் கடினமானாலோ பிள்ளையும் ஆசிரியரும் அங்கே போய்விடுகிறார்கள். வாசல் வழியாக வெளியேற்றிய தனி வகுப்பு சன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் அந்த அறையிலிருந்து பிள்ளை திரும்பிப் போகும் வகுப்பு ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயரும் அந்த வகுப்பில்தான் இருக்கிறது. ஆஸ்த்ரவாவில் அது இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டுத் தனிப்பள்ளி எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று முடிவுகட்டினால், காது கேளாத பிள்ளைகள் அந்த முடிவை மறுப்பார்கள். நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1977இல் ஒரு சிறப்புப் பள்ளி தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் காது கேளாத மாணவர் நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடினர். அதற்குமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மட்டும் செல்லுபடியாகும் சைகைகளோடு தனித்திருந்தவர்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்பிக்க முயன்றார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். 1986இல் மொழியியலாளர் ஜூடி கெகல் வந்து பார்த்தபோது, பின்னால் சேர்ந்த சிறுவர்களின் கையசைவில் மூத்தவர்களிடம் இல்லாத இலக்கண நுட்பம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அருகிலுள்ள பொதுப்பள்ளியில் தனியாக அமர்ந்திருந்தால் நிகராகுவாச் சைகை மொழி பிறந்திருக்காது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை 24ஆம் பிரிவில் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்தும் அதே வேகத்தில், பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்குத் தக்க மொழியும் தக்க சூழலும் வேண்டும் என்று சேர்த்திருப்பது இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பாளையங்கோட்டையில் காது கேளாதோருக்கான பள்ளி நடந்துவருவதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே கூடுவது ஒரு மொழிச் சமூகம். ஆஸ்த்ரவாவில் கூட்டப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுவாக இருந்தது இனமே.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31ஆம் பிரிவில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளை 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்கிறது. தேர்வு பிள்ளையுடையது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம் மூன்றாவது அறை ஒன்றையும் திறந்துவிட்டது: கடுமையான குறைபாடுள்ளவர்கள் வீட்டிலிருந்தே கற்கலாம். உதவ வந்த ஏற்பாடுதான். ஆயினும் மூன்றிலும் இதுவே திரும்பி வர மிகக் கடினமான அறை. பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வரும் நாள்தான் பள்ளி. சாய்தளம் இல்லாததால் வீட்டில் இருக்கும் பிள்ளையும் உடல்நிலையால் வீட்டில் இருக்கும் பிள்ளையும் ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டால், முதல் பிள்ளையின் தடை கட்டடத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

எந்த அறையானாலும், ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்பது அதிகப்படி அல்ல: ஏன் இங்கே வைக்கப்பட்டது, எந்தத் தேதியில் மறுபரிசீலனை. பெற்றோர் கையெழுத்திடும் படிவத்தில் மற்ற வழிகளும் அச்சாகியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று தலைமையாசிரியர் கேட்பார். அது நியாயமான கேள்வி. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கநிலையில் 10 சிறப்புத் தேவை மாணவருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு வைத்து, நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொன்னது. 2025 மார்ச்சில், அந்தப் பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்குப் பேருந்தில் அலையும் ஒருவரிடம் மூன்றாண்டுக்கு முன் எழுதிய மறுபரிசீலனைத் தேதியை நினைவில் வைத்திருக்கச் சொல்ல முடியாது.