குந்தவை என்னும் திருப்பெயர்

மகவுக்குப் பெயரிடுதல் சைவ நன்மக்கட்கு வெற்றுலகியல் வழக்கன்று. அழைக்குந்தோறும் இறைவனையேனும் அவனடியாரையேனும் நினைத்தற்கு அஃது ஓர் வாயிலாம். ஆதலின், காவிரி பாய்ந்து வளஞ்செய்யும் சோணாட்டில் அம்மையின் திருநாமங்களே பெண் மகவுகட்குப் பெரிதும் வழங்கி வந்தன. திருக்கடவூரைச் சார்ந்தார் அபிராமி என்றும், புள்ளிருக்குவேளூரை வழிபடுவார் தையல்நாயகி என்றும், நாகையார் நீலாயதாட்சி என்றும், மயிலாடுதுறையார் அபயாம்பிகை என்றும் இட்டழைப்பர். அடியவர் பெருமையில் ஈடுபட்டார் மங்கையர்க்கரசி, திலகவதி, புனிதவதி எனப் பெயரிட்டு மகிழ்வர்.

இவ்விருவகையினுஞ் சேராத பெயரொன்று, பன்னூறாண்டு வழக்கருகிக் கிடந்து, அணிமைக் காலத்தே தஞ்சைப் பகுதியில் மீண்டும் இல்லங்களில் ஒலிப்பதாயிற்று. அது குந்தவை என்பது. அம்மையின் நாமமும் அன்று, திருத்தொண்டர் புராணத்துக் காணப்படுவதும் அன்று. இதனைச் சைவர் தம் மகவுக்கு இடுதல் தகுமோ என ஐயுறுவார் உளர். அவ்வையத்தினை நீக்கவல்லன கல்வெட்டுக்களே.

சோழர் குலத்திற் குந்தவை என்னும் பெயரினர் ஒருவரல்லர். முதற்கண் காணப்படுவார் அரிஞ்சய சோழரின் தேவியாராகிய வீமன் குந்தவையார். அக்காலக் கல்வெட்டுக்களிலே தந்தையின் பெயரை முன்வைத்து மகளின் பெயரைப் பின்வைத்தல் மரபாதலின், இவர் வீமன் என்பானின் மகளார் என்பது பெறப்படும். அவ்வீமனை வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய மன்னனாகக் கொள்வர் அறிஞர். அரிஞ்சயரின் மைந்தர் சுந்தர சோழர் எனப்படும் இரண்டாம் பராந்தகர். அவர்தம் மகளாரே பராந்தகன் குந்தவைப் பிராட்டியார். முதலாம் இராசராசருக்குத் தமக்கையார். வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார். பாட்டி முறையினராகிய தேவியின் பெயர் இவ்வாறு பேர்த்திக்கு வாய்த்தது.

இராசராசர் தம் தமக்கையின்பால் வைத்த அன்பினைத் தம் மகளுக்கு அப்பெயரையே இட்டுக் காட்டினார். அவ்விளைய குந்தவையார் கீழைச் சளுக்கிய விமலாதித்தனை மணந்து வேங்கி சென்றார். வேங்கியினின்று வந்ததாகக் கருதப்படும் பெயர் இங்ஙனம் வேங்கிக்கே மீண்டது. அவர்தம் மகன் இராசராச நரேந்திரன்; அவன் மக்கள், 1070இல் சோழ அரியணையேறிய முதற் குலோத்துங்கரும் இராசராசன் குந்தவையாரும். பாட்டியின் பெயரைத் தாங்கினமையின் இவ்வம்மையார் சொல்லுக்கேற்ற பெயர்த்தியே ஆவர். தில்லைத் திருக்கோயிலுக்கு இவர் பொன்னாற் புரிந்த திருப்பணியினைக் குலோத்துங்கரின் 44ஆம் ஆட்சியாண்டு, அஃதாவது 1114, குறிக்கும் சிதம்பரக் கல்வெட்டுக் கூறுகின்றது. பெண்வழியே நாடு கடந்து சென்ற பெயர், ஈற்றிற் கூத்தப்பெருமான் திருவடிநீழலிலே வந்து நின்றமை எண்ணியெண்ணி மகிழற்பாலது.

இனி, இப்பெயருக்குப் பெருமை தேடித்தந்தவர் இராசராசரின் தமக்கையாரே என்க. தஞ்சைப் பெருவுடையார் கோயிற்குத் தாம் கொடுத்தனவும், தம் தமக்கையார் கொடுத்தனவும், தம் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்திற் கல்லில் வெட்டுக என்று அரசர் தமது 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளிற் பணித்தனர். அரசர்க்கு அடுத்து நிற்கும் இடம் தமக்கையார்க்கே உரித்தாயிற்று.

அவ்வம்மையார் எழுந்தருளுவித்த திருமேனிகள் யாவை? தக்ஷிணமேரு விடங்கர்க்குத் துணையாக ஓர் உமாபரமேசுவரியார். தஞ்சை விடங்கர்க்குத் துணையாக மற்றோர் உமாபரமேசுவரியார். இவையன்றித் தம் தந்தையார்க்கும் தாயார்க்கும் ஒவ்வொரு படிமம். இவற்றின் திருவமுது முதலிய செலவுகட்கு அவர் வைத்த காசினை ஊரார் பெற்று, காசொன்றுக்கு ஆண்டுதோறும் முக்குறுணி நெல்லாக, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளத்தற்கு இசைந்தனர். காவிரி நாட்டு வயலின் விளைவே இவ்வாறு அம்மையின் திருவமுதாயிற்று. சிவமும் சத்தியும் தீயும் வெம்மையும்போற் பிரிப்பின்றி நிற்றலும், உயிர்களை உய்விக்கும் அருளே சத்தியாதலும் நம் சித்தாந்தத் துணிபு. ஐயன் திருமேனிகளின் மருங்கே அருளுருவாகிய அம்மையை எழுந்தருளுவித்த கைத்தொண்டு இத்துணிபிற்கு எத்துணை இயைந்ததென்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.

அற்றேல், இவர் இராசராசபுரம் எனப்பட்ட தாதாபுரத்திலே சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈச்சுரம் எடுத்ததுடன், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரும் அருகர்க்குக் குந்தவை சினாலயமும் எடுப்பித்தனரே. இவரைச் சைவர் போற்றுதல் எங்ஙனம் எனின், கூறுதும். சமயங்கள் யாவும் படிமுறையாய் உயிரை மேலேற்றுவன என்றும், எத்தெய்வத்தை வழிபடினும் ஆண்டு நின்று பயனளிப்பான் முதல்வன் ஒருவனே என்றும் கொள்ளுதல் நம் நூற்றுணிபாகும். ஆதலின் அவர் செயல் சைவத்திற்கு மாறாகாது. அதன் விரிவையே காட்டும்.

இத்துணைச் சிறப்பும் கல்லிலே உறங்கிக் கிடந்தன. 1891 முதல் தஞ்சைக் கோயிற் கல்வெட்டுக்களை ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாந் தொகுதியாக வெளியிடவே அவை அறிஞர்க்குப் புலனாயின. பொதுமக்கள் நாவிற்கு இப்பெயரைக் கொணர்ந்தது 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் பொன்னியின் செல்வன். அவர் முன்னர் எழுதிய பார்த்திபன் கனவிலே வரும் குந்தவி பல்லவர் மகளாகப் புனையப்பட்டவள். அவளை இவரொடு மயங்கற்க. தஞ்சையில் 1966இல் தோன்றிய அரசினர் மகளிர் கல்லூரியும் குந்தவை நாச்சியார் பெயராலேயே விளங்குகின்றது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள் இப்பெயரை மேலும் பரப்பின.

கதையினாற் பெயர் பரவுதல் குற்றமன்று. ஆயினும் கதையிற் காணும் அழகும் சூழ்ச்சித்திறனுமே அப்பெயரின் பொருள் என்று அம்மகவு எண்ணி வளருமாயின் இழப்பு நம்முடையதே. குந்தவை எனப் பெயரிட்டழைக்கும் பெற்றோர், அவளுக்கு எழுத்தறிவு வந்த நாளிலே பெருவுடையார் கோயிற்கு அழைத்துச் சென்று, ஸ்ரீவிமானத்துக் கல்லெழுத்தைக் காட்டி, இப்பெயருடையாள் ஒருத்தி ஐயனுக்கு அம்மையைத் துணை சேர்த்தாள் என்று சொல்லுக. அன்று தொட்டு அப்பெயரும் சிவப்பெயராகும்.

திருச்சிற்றம்பலம்.