இல்லாத குவிமாடத்தின் எடை

ரோம் நகரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான கேன்வாஸ்தான் இருக்கிறது. கட்டப் பணமில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். 1685இல் ஆந்திரேயா போஸோ என்ற இயேசு சபைச் சகோதரர் குவிமாடத்தின் உட்புறத்தை அப்படியே வரைந்து மேலே பொருத்திவிட்டார். தூண்கள், வளைவுகள், உச்சியில் வெளிச்சம் இறங்கும் சிறு கூண்டு, எல்லாம் உண்டு. எல்லாமே சாயம்.

பொறியாளன் என்பதால் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதற்கு வந்த புகார்தான். அந்தத் தூண்கள் சுவரிலிருந்து நீளும் தாங்கிகளின்மேல் நிற்கின்றன. எந்தக் கட்டடத்தில் இப்படிச் செய்வார்கள் என்று சில கட்டடக் கலைஞர்கள் குறைபட்டார்களாம். போஸோவின் பதில் 1693இல் வெளிவந்த அவருடைய தூரக்காட்சி நூலில் இருக்கிறது: பாரம் தாங்காமல் தாங்கிகள் ஆட்டம் கண்டால், தன் சொந்தச் செலவில் பழுதுபார்த்துத் தர ஓவிய நண்பர் ஒருவர் தயாராம்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் புகார் சொன்னவர்கள் ஒன்றும் ஏமாந்தவர்கள் இல்லை. அது ஓவியம்னு அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். அறிவு ஒரு பக்கம் ‘இது துணி’ என்று சொல்ல, கண் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காரணம் உயரம். பக்கத்துப் பொருள் என்றால் இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட காட்சிகளைத் தரும். தலையை அசைத்தாலே தட்டை எது, ஆழம் எது என்று பிடிபட்டுவிடும். அவ்வளவு உயரத்தில் இந்த இரண்டு துப்பும் மங்கிவிடுகின்றன. மிஞ்சுவது கோடுகளும் நிழலும் மட்டுமே. அவை போஸோவின் கையில்.

பிறகு 1690களில் அதே ஆலயத்தின் நீண்ட வளைந்த கூரையையும் வரைந்தார். வளைந்த பரப்பில் நேர்கோடு எப்படித் தெரியும்? கூரைக்குக் கீழே நூலால் கட்டங்கள் கட்டி, பார்ப்பவரின் கண் இருக்கும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு கோடும் கூரையில் எங்கே போய் விழும் என்று குறிக்க வேண்டும். அதாவது, கூரையில் வேண்டுமென்றே கோணலாக வரைய வேண்டும்.

அந்தப் புள்ளியைக் காட்டத் தரையில் வட்டமான பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். அதில் நின்றால் சுவர்கள் நேராக வானத்துக்கு ஏறுகின்றன. நாலடி தள்ளிப் போனால் தூண்கள் சாயத் தொடங்குகின்றன. பல இடங்களிலிருந்து பார்க்கும்படி வரைந்திருக்கலாமே என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. மனிதர் அசையவில்லை. வேறிடத்திலிருந்து கோணலாகத் தெரிவதைக் குறையாக அல்ல, தன் வேலையின் சிறப்பாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார்.