ஐந்து நாற்காலிகளும் மூன்று சமூகங்களும்

2012 செப்டெம்பர் 8ஆம் திகதி கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. மறுநாள் முடிவுகள் முழுமையாக வெளிவந்ததும், பத்திரிகையாளர்கள் எல்லோரையும் போல நானும் ஒரு துண்டுக் கடதாசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மொத்த ஆசனங்கள் 37. ஆட்சியமைக்கத் தேவை 19. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. எந்தக் கட்சிக்கும் தனித்து ஆட்சியமைக்கும் பலம் இருக்கவில்லை.

அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருந்தது. ஆளும் கூட்டமைப்பின் 14உடன் தேசிய சுதந்திர முன்னணியின் ஒன்றையும் முஸ்லிம் காங்கிரஸின் ஏழையும் சேர்த்தால் 22. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் 11உடன் ஐக்கிய தேசியக் கட்சியின் நான்கையும் முஸ்லிம் காங்கிரஸின் அதே ஏழையும் சேர்த்தாலும் 22. ஆக, கிழக்கின் ஆட்சியைத் தீர்மானிக்கும் துலாக்கோல் ஏழு பேரின் கையில் இருந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். ஆளும் கூட்டமைப்பு பெற்ற வாக்குகள் 200,044. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றவை 193,827. வித்தியாசம் வெறும் 6,217 வாக்குகள். முதலிடம் பெறும் கட்சிக்குரிய இரண்டு போனஸ் ஆசனங்கள் இந்தச் சிறு இடைவெளியில்தான் ஆளும் தரப்புக்குப் போயின. அவை மறுபக்கம் போயிருந்தால் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 13 ஆசனங்கள் கிடைத்திருக்கும். முஸ்லிம் காங்கிரஸுடன் மட்டும் சேர்ந்தே 20 பேருடன் ஆட்சியமைக்க வழி பிறந்திருக்கும்.

மாகாண அமைச்சரவை எவ்வாறு அமைகிறது என்பதையும் இங்கே நினைவூட்டுவது நல்லது. 1987ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், முதலமைச்சரையும் நான்குக்கு மேற்படாத ஏனைய அமைச்சர்களையும் கொண்ட அமைச்சர் வாரியத்தை விதித்தது. ஒரு கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தால் அதன் தலைவரையே ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். இல்லையேல், பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவைப் பெறக்கூடியவர் எனத் தாம் கருதுபவரை அவர் நியமிக்கலாம். ஆசனங்களைக் கூட்டிப் பார்த்து ஆளுநர் தீர்மானிக்கும் இந்த இடத்தில்தான் கூட்டணி பேரங்கள் நுழைகின்றன.

கொழும்பில் நாற்காலி போதாவிட்டால் புதிதாக ஒன்றைச் செய்து போடலாம். அங்கே எண்பது, தொண்ணூறு அமைச்சர்கள் இருந்த காலமும் உண்டு. மாகாணத்தில் அது முடியாது. இருப்பவை ஐந்தே நாற்காலிகள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 40 வீதம் தமிழரும், 37 வீதம் முஸ்லிம்களும், 23 வீதம் சிங்களவரும் வாழும் மாகாணம் கிழக்கு. ஐந்தை இந்த விகிதப்படி பிரித்தால் இரண்டு, இரண்டு, ஒன்று என்றுதான் வரும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊர் நியாயம் சொல்கிறது.

வடக்கிலிருந்து பிரிக்கப்பட்ட கிழக்குக்கு முதற் தேர்தல் 2008 மே 10ஆம் திகதி நடைபெற்றது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அதில் போட்டியிடவில்லை. வென்ற ஆளும் கூட்டமைப்புக்குள் சிவநேசதுரை சந்திரகாந்தனா, எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாவா முதலமைச்சர் என்ற இழுபறி எழுந்தது. முடிவில் சந்திரகாந்தன் முதலமைச்சரானார். ஹிஸ்புல்லா, உதுமாலெப்பை, நவரத்தினராஜா, விமலவீர திசாநாயக்க ஆகியோர் அமைச்சர்களாயினர். இரண்டு தமிழர், இரண்டு முஸ்லிம்கள், ஒரு சிங்களவர். அந்தத் தேர்தல் நடைபெற்ற சூழலைப் பற்றி எனக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனால் அமைச்சர் வாரியத்தின் முகம் மாகாணத்தின் முகத்தை ஒத்திருந்தது என்பதை மறைக்க முடியாது.

2012இல் அந்த முகம் மாறியது. முதலமைச்சர் பதவியையே தருகிறோம், சேர்ந்து ஆட்சியமைப்போம் என்று இரா. சம்பந்தன் முஸ்லிம் காங்கிரஸுக்குப் பகிரங்கமாக அழைப்பு விடுத்தார். ஆனால் அக்கட்சியின் தலைவர் ரவூப் ஹக்கீம் அப்போது மத்திய அரசின் நீதியமைச்சர். மரச் சின்னத்தில் தனித்துக் கேட்டு வாக்குப் பெற்ற கட்சி, கொழும்பில் தான் அங்கம் வகித்த அரசாங்கத்துடனேயே மாகாணத்திலும் இணைந்தது. செப்டெம்பர் 18ஆம் திகதி நஜீப் ஏ. மஜீத் பதவியேற்றார். இலங்கையில் மாகாண முதலமைச்சரான முதல் முஸ்லிம் அவரே. உதுமாலெப்பை, மன்சூர், நஸீர் அஹமட், விமலவீர திசாநாயக்க ஆகியோர் அமைச்சர்களாயினர். நான்கு முஸ்லிம்கள், ஒரு சிங்களவர். மாகாணத்தின் மிகப் பெரிய சமூகத்துக்கு ஓர் அமைச்சர்கூட இல்லை. ஆளுந்தரப்பில் தெரிவான ஒரே தமிழரான சந்திரகாந்தனும் அந்த ஐவருள் இடம்பெறவில்லை.

சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆயினும் தமிழ் மக்கள் மனத்தில் அது விட்ட வடு ஆழமானது. முஸ்லிம் காங்கிரஸ் தரப்பின் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது தவறு. யுத்தகாலக் கசப்புகளைச் சுமந்து நின்ற ஒரு சமூகத்துக்கு, மத்திய அரசைப் பகைத்துக்கொண்டு மாகாணத்தில் மட்டும் ஆட்சியமைப்பது ஆபத்தானதாகத் தோன்றியிருக்கலாம். ஆளுநரும் நிதியும் கொழும்பின் கையில் இருக்கையில் அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

2015 ஜனவரி 8ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. மாகாண சபை அதேதான். உறுப்பினர்களும் பெரும்பாலும் அவர்களேதான். கொழும்பில் காற்று மாறியதும் திருகோணமலையில் கூட்டல் கணக்கும் மாறிவிட்டது. இம்முறை தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, 11 ஆசனங்களைக் கொண்ட தனக்கே முதலமைச்சர் பதவி என்றது. முஸ்லிம் காங்கிரஸ், 2012 உடன்பாட்டின்படி பிற்பாதிக் காலம் தன்னுடையது என்றது. பேச்சுகள் இழுபட்டன. பெப்ரவரி 6ஆம் திகதி ஆளுநர் ஒஸ்ரின் பெர்னாண்டோ முன்னிலையில் நஸீர் அஹமட் முதலமைச்சராகச் சத்தியப்பிரமாணம் செய்தார்.

பதினொரு ஆசனம் உள்ளவர்கள் ஏழு ஆசனம் உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுப்பதா என்று தமிழர் தரப்பில் கண்டனம் எழுந்தது. தமிழ் - முஸ்லிம் உறவைக் கருதியே விட்டுக்கொடுத்ததாகச் சம்பந்தன் தரப்பு விளக்கியது. சில வாரங்களில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சி. தண்டாயுதபாணி கல்வி அமைச்சையும், கி. துரைராஜசிங்கம் விவசாய அமைச்சையும் ஏற்றனர். சுகாதாரம் முஸ்லிம் காங்கிரஸின் ஏ.எல்.எம். நசீரிடமும், வீதி அபிவிருத்தி ஆரியவதி கலப்பதியிடமும் சென்றன. மறுபடியும் இரண்டு, இரண்டு, ஒன்று.

அன்று நானும் கண்டித்தவர்களின் பக்கமே நின்றேன். இன்று திரும்பிப் பார்க்கையில் என் கருத்து மாறியிருக்கிறது. 2008இன் இரண்டு-இரண்டு-ஒன்று ஒரே கூட்டமைப்புக்குள், கொழும்பின் தயவில் பங்கிடப்பட்டது. 2015இல் அதே கணக்கு, தத்தம் மக்களிடம் தனித்தனியே ஆணை பெற்ற கட்சிகள் பேசி இணங்கியதால் வந்தது. அதன் நிர்வாகத்தில் குறைகள் பல உண்டு. ஆனாலும் மூன்று சமூகத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தே தீர வேண்டும் என்ற உண்மையை அது ஒப்புக்கொண்டது. சம்பந்தன் கொடுத்த விலை அதிகம்தான். 2012இலேயே அழைப்பு ஏற்கப்பட்டிருந்தால் அந்த விலையை இருவருமாகப் பகிர்ந்திருக்கலாம். இரண்டரை ஆண்டு மனக்கசப்பும் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. தேர்தல் முறையை மாற்றப் போய், எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டும் மாகாண சபைத் தேர்தல் இல்லாமலே கழிந்தது. இத்தனை காலமும் கிழக்கை ஆண்டது ஜனாதிபதி நியமித்த ஆளுநர்களே. முதலமைச்சர் தமிழரா, முஸ்லிமா என்று நாம் மல்லுக்கட்டிய நாற்காலிகள் ஐந்தும் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் அமர மீண்டும் ஒரு தேர்தல் வரும்போதேனும், முடிவுகள் வெளியான பிறகு தொடங்கும் பேரத்தை விட, வாக்குக் கேட்கும் முன்னரே செய்துகொள்ளும் உடன்பாடு மேலானது என்பதை இரு தரப்பும் உணர வேண்டும்.