மாங்காய்ச் சாஸின் வரலாறு: திருத்தணி எல்லையில் ஒரு புளிப்பு

பார்பெக்யூ சாஸ் என்றதும் நம் கண்முன் வருவது அமெரிக்கா. பெரிய இறைச்சித் துண்டு, கரி அடுப்பு, அதன் மேல் தடவிய கருஞ்சிவப்புக் குழம்பு. தமிழனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. "எல்லாமே நம்மிடம் முன்பே இருந்ததுதான்" என்று மார்தட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே முழு உண்மை இல்லை. அந்தக் குழம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் சுவையான வரலாறு ஒன்று கிடைக்கிறது. அந்த வரலாற்றில் திருத்தணி மலைக்கும் அதைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளுக்கும் இடம் இருக்கிறது!

பெயர் எங்கிருந்து வந்தது?

1492ல் கொலம்பஸ் கரையிறங்கிய கரீபியன் தீவுகளில் தைனோ என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். நெருப்புக்கு மேலே குச்சிகளால் பரண் கட்டி, அதில் மீனையும் இறைச்சியையும் வைத்து மெதுவாக வாட்டுவது அவர்கள் வழக்கம். அந்தப் பரணின் பெயரை ஸ்பானியர்கள் 'பார்பகோவா' என்று எழுதிவைத்தார்கள். அதுவே ஆங்கிலத்தில் பார்பெக்யூ ஆனது. ஆக, பார்பெக்யூ என்பது முதலில் ஒரு அடுப்பின் பெயர். சாஸ் பிறகு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சாஸ் மாறும். கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் மட்டும். கான்சாஸ் நகரில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த கெட்டியான குழம்பு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: புளிப்பு, இனிப்பு, காரம், உப்பு. கொழுப்புள்ள இறைச்சிக்குப் புளிப்பு வேண்டும். நெருப்பில் கருகிய கசப்புக்கு இனிப்பு வேண்டும். இதை நாக்கு தானாகவே கண்டுபிடித்துவிடும். எனவே உலகில் எங்கெல்லாம் இறைச்சி சுட்டார்களோ, அங்கெல்லாம் பக்கத்தில் ஒரு புளிப்புக் கனி இருந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் சுட்ட இறைச்சி

உ.வே.சாமிநாதையர் 1889ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதில் உள்ள ஆற்றுப்படை நூல்களை உணவுக் குறிப்பேடுகள் என்றே சொல்லிவிடலாம். பரிசு பெற்ற கலைஞன் ஒருவன், பெறாத இன்னொருவனுக்கு வழி சொல்லும்போது, "இந்த ஊருக்குப் போனால் இது கிடைக்கும்" என்று சாப்பாட்டையும் சேர்த்தே சொல்கிறான்.

கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள் வருகின்றன. சூடு தாங்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றி மாற்றித் தின்றதாகப் பொருநன் சொல்கிறான். இன்றைய சீக் கபாப் சாப்பிடுபவரும் அதைத்தான் செய்கிறார்!

இதைவிட நெருங்கிய சான்று சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டில், வேலூர் என்ற ஊரில், வேட்டுவப் பெண்கள் இனிய புளி சேர்த்துச் சமைத்த சோற்றை, ஆமான் என்னும் காட்டுப் பசுவின் சுட்ட இறைச்சியோடு கொடுப்பார்கள் என்று நத்தத்தனார் பாடுகிறார். சுட்ட இறைச்சியும் புளியும் ஒரே இலையில்! ஓய்மாநாடு என்பது இன்றைய திண்டிவனம் பகுதி. திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடு என்ற பொருளில்தான் திண்டிவனம் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

தொண்டை நாட்டு மாவடு

திருத்தணி இருப்பது பழைய தொண்டை நாட்டில். காஞ்சியிலிருந்து அந்த நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் அந்தணர் வீட்டு உணவு ஒன்று வருகிறது. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்த கறி. பக்கத்தில் மாவடு ஊறுகாய்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பழத்தையும் காயையும் காரத்தோடு சேர்ப்பது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். அது இறைச்சி உண்பவர் வீட்டிலும் இருந்தது, உண்ணாதவர் வீட்டிலும் இருந்தது. இரண்டு, அன்று காரம் என்றால் மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பல்கள் வந்த பிறகே நமக்குக் கிடைத்தது. 'மிளகு போன்ற காய்' என்றுதான் அதற்குப் பெயரே வைத்தோம். தக்காளியும் அங்கிருந்து வந்ததே. அவ்வளவு ஏன், புளிய மரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா! அரபு வணிகர்கள் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று அழைத்தார்கள். அந்த 'தமர் ஹிந்தி'தான் ஆங்கிலத்தில் டாமரிண்ட்.

போன புளி, திரும்பி வந்த புட்டி

வெள்ளைக்காரர்கள் நம் ஊறுகாயில் மயங்கியதற்கு அவர்கள் மொழியே சாட்சி. 'மாங்காய்' என்ற சொல் போர்ச்சுகீசியர் வழியாக 'மேங்கோ' ஆனது. கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் உப்பில் ஊறிய மாங்காய்தான். ஆகவே அங்கே 'மேங்கோ' என்பது ஊறுகாய் என்ற பொருளையும் பெற்றது. வெள்ளரிக்காயையும் பீச் பழத்தையும் 'மேங்கோ' செய்வது எப்படி என்று அந்தக் காலச் சமையல் நூல்கள் சொல்லிக்கொடுத்தன.

பிறகு 1837ல் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக் கடைக்காரர்கள் ஒரு சாஸை விற்கத் தொடங்கினார்கள். வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி வகை மீன், அவற்றோடு நம் புளி! இன்று அமெரிக்க வீடுகளில் பார்பெக்யூ சாஸ் செய்யும் பலரும் அதில் சில கரண்டி வூஸ்டர் சாஸ் ஊற்றுகிறார்கள். கெட்சப்பின் கதையும் இப்படித்தான். அது சீனத்து ஹொக்கியன் மொழியில் மீன் குழம்பின் பெயர். 1812ல் ஜேம்ஸ் மீஸ் என்ற அமெரிக்கர் தக்காளியில் அதைச் செய்யும் முறையை அச்சிட்டார். 1876ல் ஹெய்ன்ஸ் அதைப் புட்டியில் அடைத்து விற்றார். இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து, நூறாண்டு கழித்து, நம் ஊர்ப் பல்பொருள் அங்காடிக்குப் 'புதுச் சரக்காக' வந்து நிற்கின்றன.

எல்லைக்கோடும் கிளிமூக்கும்

இனி திருத்தணிக்கு வருவோம். 1911ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி இருந்தது. 1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஊரும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் பரிந்துரையாலும், 1960 ஏப்ரல் 1ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. மாற்றாகச் சத்தியவேடு ஆந்திராவுக்குச் சென்றது.

மனிதர்கள் வரைந்த கோடு மாமரத்துக்குத் தெரியாது. சித்தூரிலும், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியிலும், கர்நாடகத்தின் கோலாரிலும் விளைவது ஒரே தோத்தாபுரி. நுனி கிளியின் அலகு போல வளைந்திருப்பதால் நாம் கிளிமூக்கு மாங்காய் என்கிறோம். பெங்களூரா என்றும் பெயர். கடற்கரையில் கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவி விற்பது இதுதான். புட்டியில் வரும் மாம்பழச் சாறுகளுக்கு ஆலைகள் கூழாக அரைப்பதும் பெருமளவு இதைத்தான்.

2025ல் விளைச்சல் அதிகமாகி விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துக் கொடுக்கும், மொத்தம் 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. அந்த ஜூன் மாதம், பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். தங்கள் விவசாயியைக் காப்பாற்ற ஒரு மாவட்டம் செய்தது, அடுத்த மாநில விவசாயியின் வயிற்றில் அடித்தது. சில ஆலைகளை மட்டுமே நம்பி ஒரு பழத்தை வளர்த்தால் இதுதான் நடக்கும்.

வீட்டில் செய்வது எப்படி?

இந்த வரலாற்றையெல்லாம் ஒரு சட்டியில் கொதிக்க வைக்கலாம்.

பழுத்த கிளிமூக்கு 1 கிலோ. தோல், கொட்டை நீக்கினால் 600 கிராம் சதை கிடைக்கும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக்கொள்ள வேண்டும். வெல்லம் 100 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 6 பல், மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, வினிகர் 100 மில்லி, தேவையான உப்பு. நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, வெங்காயமும் பூண்டும் வதக்கி, மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் 40 நிமிடம் கிளற வேண்டும். ஆறியதும் அரைத்தால் அரை லிட்டருக்குக் குறையாமல் சாஸ் வரும்.

புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஆகவே அலுமினியப் பாத்திரம் கூடாது. நம் பாட்டிமார் கல்சட்டியில் புளிக்குழம்பு வைத்தது சும்மா இல்லை. சாஸைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வாட்டும்போது கடைசிச் சில நிமிடங்களில்தான் தடவ வேண்டும். முதலிலேயே தடவினால், பழத்திலும் வெல்லத்திலும் உள்ள சர்க்கரை கருகிக் கசந்துவிடும், உள்ளே கறி வேகாமலே இருக்கும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வீடுகளில் அந்த நாட்களில் அசைவம் கிடையாது. அதனால் என்ன? சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் சோளக் கதிரிலும் தடவி வாட்டினால் அதே சுவை. பெரும்பாணாற்றுப்படையின் மாதுளங்காய்க் கறிக்கும் இறைச்சி தேவைப்படவில்லையே!

முடிவாக...

இந்தச் சாஸில் மாங்காய் இந்திய மண்ணுடையது. புளி ஆப்பிரிக்காவுடையது. மிளகாய் அமெரிக்காவுடையது. பெயர் தைனோ மக்களுடையது. இவற்றில் எதுவும் எல்லையைக் கேட்டு நின்றதில்லை. "இது எங்களுடையது" என்று சண்டை போடுவதைவிட, 12 ரூபாய்க்கு விற்க முடியாமல் தவித்த ஒரு கிலோ மாங்காயில் அரை லிட்டர் சாஸ் ஒளிந்திருக்கிறது என்பதை நினைவில் வைப்பது மேல். சீசனில் ஒவ்வொரு வீடும் நாலு கிலோ கிளிமூக்கு வாங்கிக் காய்ச்சினால் ஆலைகளின் பிடி உடைந்துவிடாதுதான். ஆனால் விவசாயிக்கு ஆலை வாசலைத் தவிர இன்னொரு வாசலும் திறந்திருக்கும்.

புட்டியில் வருவதை வாங்க ஒரு நிமிடம் போதும். காய்ச்சுவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஊறுகாய் போட்டுப் பழகிய ஊருக்கு அது பெரிய காரியமா என்ன?