செடி தெரியாத ஒரு தோட்டப் படம்

இந்த எபிசோடில் ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் பேசப்போறோம். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம். 1610-ல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். வரைந்தவர் யான் வௌடானுஸ், தகட்டில் செதுக்கியவர் வில்லெம் ஸ்வானன்பர்க். இணையத்தில் தேடினால் கிடைக்கும். முடிஞ்சா அதைத் திறந்து வெச்சுக்கிட்டே கேளுங்க.

ஒரு மாடியில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். நாலு பெரிய கட்டமாகப் பிரித்த தோட்டம், கட்டத்துக்குள் நீள நீளமான பாத்திகள், நல்ல உடை போட்டு உலாவுகிற மனிதர்கள். தூர தேசத்துப் பொருட்களும் காட்சிக்கு இருக்கு, அதில் ஒரு முதலைகூட உண்டு. இப்போ ஒரு செடியைத் தேடிப் பாருங்க. சின்னச் சின்னக் குத்தாகத்தான் தெரியும். எது என்ன செடி என்று பெயர் சொல்லவே முடியாது. செடிக்காகவே உருவான தோட்டத்தின் படத்தில் செடி தெரியலை. ஏன்?

அதுக்கு முதல்ல, அந்தத் தோட்டம் எதுக்கு வந்ததுன்னு பார்க்கணும். அன்றைய மருந்தில் பெரும்பகுதி மூலிகை. மருத்துவரோ, காய்ந்த வேரையும் இலையையும் விற்கிறவர் சொன்ன பெயரை நம்ப வேண்டிய நிலை. காம்ஃப்ரி என்று ஒரு மூலிகை, ஃபாக்ஸ்குளோவ் என்று இன்னொரு செடி. பூக்காதபோது இரண்டின் இலையும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலவே இருக்கும். ஆனால் ஃபாக்ஸ்குளோவ் அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். புத்தகம் படித்தால் மட்டும் போதாது, உயிருள்ள செடியை மாணவர்கள் நேரில் பார்த்துப் பழகணும். இந்தத் தேவையில்தான் 1540-களில் இத்தாலியில் பிசாவிலும் பதுவாவிலும் பல்கலைக்கழகத் தோட்டங்கள் பிறந்தன.

பதுவா தோட்டம் 1545-ல் தொடங்கியது. அபராதம், சிறை, நாடு கடத்தல் என்று தண்டனைகள் இருந்தும் ராத்திரியில் செடித் திருட்டு நிற்கவில்லை. கடைசியில் 1552-ல் தோட்டத்தைச் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள். செடிக்கு அவ்வளவு மதிப்பு!

அதே தோட்டத்துக்கு 1591-ல் ஜிரோலமோ போர்ரோ என்ற செதுக்குக் கலைஞர் ஒரு சின்னக் கையேடு வெளியிட்டார். அதில் தோட்டத்தின் வரைபடம் இருக்கு, பாத்திகளுக்கு எண் இருக்கு. செடியின் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி! மாணவர் நடந்து பார்த்து, எந்த எண்ணில் எந்தச் செடி என்று தானே குறித்துக்கொள்ளலாம். மென்பொருள் எழுதுகிற எனக்கு இது உடனே புரிந்தது. பாத்தி எண்தான் கீ, செடிதான் வேல்யூ. செடி வாடலாம், செத்துப்போகலாம், அடுத்த வருஷம் அங்கே வேற ஒண்ணு முளைக்கலாம். எண் மாறாது. அதனால் தகட்டில் செதுக்க வேண்டியது எண்ணைத்தான்.

இப்போ லைடனுக்குத் திரும்பி வருவோம். 1593-ல் கரோலஸ் குளூசியஸ் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 67. இடுப்பில் அடிபட்டு நடக்கவே சிரமப்பட்டவர். அதனால் மண்ணில் இறங்கி வேலை பார்க்க டெல்ஃப்ட் நகரத்து மருந்துக்கடைக்காரர் டிர்க் க்ளாய்ட் நியமிக்கப்பட்டார். 1594-ல் தோட்டம் உருவானது. எந்தப் பாத்தியில் என்ன செடி என்று அந்த வருஷமே ஒரு பட்டியலும் எழுதினார்கள். 1000-க்கும் மேற்பட்ட செடிகள்!

ஆக, செடிகளின் விவரத்தைச் சுமந்தது பட்டியல். படத்துக்கு வேலை வேறு. அது தனிப் படமும் இல்லை. உடற்கூறு அரங்கம், நூலகம், வாள்வீச்சுப் பள்ளி, தோட்டம் என்று நாலு படங்கள் கொண்ட வரிசையில் ஒன்று. 1575-ல் தொடங்கிய ஓர் இளம் பல்கலைக்கழகம், 'எங்ககிட்ட என்னெல்லாம் இருக்கு பாருங்க' என்று வெளியுலகுக்குக் காட்டிய முகம். அதில் ஒழுங்கு தெரியணும், கௌரவம் தெரியணும். இலையின் நரம்பு தெரிய வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. படம் வெளிவந்த 1610-ல் க்ளாய்ட் இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது. குளூசியஸ் முந்தைய வருஷம்தான் காலமானார். தோட்டத்தை உருவாக்கிய இரண்டு பேருமே அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் விட்டுப்போன பட்டியல் மட்டும் பிழைத்தது. அதனால்தான் இன்று லைடனில் குளூசியஸ் தோட்டத்தை மறுபடியும் நட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே எதை நடுவது என்பதற்கு ஆதாரம் 1594-ன் பட்டியல். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நட முயன்றிருந்தால், அழகான பாத்திகள் கிடைத்திருக்கும். உள்ளே என்ன வைப்பது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பழைய தோட்டப் படம் எதையாவது அடுத்த முறை பார்த்தீங்கன்னா, அதோட பட்டியல் எங்கே இருக்குன்னும் தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.