பொன்னி வந்த வழி

ஜொகூர்த் தமிழர் வீடுகளில் வேகும் பொன்னி அரிசியின் முன்னோர்களில் ஒன்று ஜப்பானியர் உருவாக்கிய நெல். ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவானில் இசோ எய்கிச்சியும் சுயெனாகா மெகுமுவும் குளிர்நாட்டுக் குட்டைமணி நெல்லை வெப்பத்துக்குப் பழக்கினார்கள். 1920களில் அந்த முயற்சியில் பிறந்த தைச்சுங் 65 என்ற ரகம் பெரும் புகழ் பெற்றது.

ஆனால் மலாயாவுக்கு ஜப்பான் முதலில் கொண்டுவந்தது பசியைத்தான். 1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் ஜப்பானியப் படையின் கைக்குப் போனது. ரப்பரை விற்று பர்மா, சயாம் அரிசியை வாங்கி உண்ட மாநிலம் அது. அரிசி வரத்து அற்றுப்போனதும் தோட்டத்து லயங்களில் மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளைச் சாப்பாடானது. வயிறு நிறைந்தாலும் உடம்பில் சத்து பிடிக்கவில்லை. 1943இல் சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்கள் ஜொகூரின் எண்டாவ் காட்டுக்கு அனுப்பப்பட்டு, காடு திருத்தித் தம் உணவைத் தாமே விளைவிக்க வேண்டியதாயிற்று. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதையில் மாண்டார்கள். பயிர் வளர்க்கும் அறிவு ஜப்பானியரிடம் அப்போதும் இருந்தது. ஆனால் அது மக்களின் பசியைத் தீர்க்கவில்லை.

போருக்குப் பின் நிலைமை மாறியது. ஜப்பானிய நெல் உரத்தை மணியாக மாற்றும். வெப்பநாட்டு நெல் உரம் கண்டால் உயர்ந்து சாய்ந்துவிடும். இரண்டையும் கலக்கலாம் என்று 1950 வாக்கில் யோசனை சொன்னவர் கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்த தமிழர். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் கட்டாக்கில் கலப்பு தொடங்கியது. பூ விரியுமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, மற்ற ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் முதல் தலைமுறைக் கதிர்களில் பெரும்பகுதி பதராகவே போயிற்று.

தைச்சுங் 65உம் மலாய் உழவர்களின் மாயாங் எபோஸும் கலந்த விதை மலாயாவுக்குத் திரும்பியது. கொழும்புத் திட்டத்தில் வந்த ஜப்பானிய வல்லுநர்கள் உள்நாட்டு ஆய்வாளர்களோடு நின்று, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1965இல் வெளியான மசூரி குழையாத, ஒட்டாத சோறு தந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய அந்த நெல் கலப்புத் திட்டத்தில் நிலைத்த ரகங்கள் மிகச் சில. மசூரி நிலைத்ததற்கு, உண்பவர் நாக்கை அது மதித்ததே முதற்காரணம்.

மசூரி இந்தியாவுக்கு வந்து பரவியது. அதிலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து 1986இல் வெளியிட்டதே வெள்ளைப் பொன்னி. காற்றுக்குச் சாயும் குறை இருந்தும் உழவர்கள் அதை விடவில்லை. பிறகு அரிசியாக மலேசியாவுக்குக் கப்பலேறியது. ஜொகூரின் பத்து பகாட்டைச் சேர்ந்த ஃபைசா நிறுவனம் ‘பொன்னி’யை வணிகக்குறியாகப் பதிவு செய்ததை எதிர்த்து, இந்திய ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் மலேசிய உயர்நீதிமன்றம் வரை போனது.

ஆப்பிரிக்காவிலும் ஏறக்குறைய இதே வழிதான். மேற்கு ஆப்பிரிக்க நெல் ஆய்வு மையத்தில் சியரா லியோனின் மான்டி ஜோன்ஸ் குழு, ஆப்பிரிக்க நெல்லை ஆசிய நெல்லோடு கலந்து நெரிக்கா ரகங்களை உருவாக்கியது. ஜப்பான் பணமும் ஆளும் தந்தது. 2008இல் யோகோஹாமா மாநாட்டில் தொடங்கிய கூட்டுத் திட்டம், சஹாராவுக்குத் தெற்கே 1.4 கோடி டன் நெல் விளைச்சலைப் பத்தாண்டில் இரட்டிப்பாக்க இலக்கு வைத்தது. நெரிக்காவில் எந்த ரகத்தை விதைப்பது என்ற தேர்வில், வயலுக்கே வந்து கதிரைப் பார்த்த உழவர்களுக்கும் இடம் இருந்தது.